களைப்புத் தாள்

இரண்டு இருபத்தைந்து. மூன்று மணிக்குத்தான் நாய் வரும். மூன்று மணி என்று நானே அடித்து நாலு மாடியிலும் ஒட்டியிருக்கிறேன், அப்புறம் எதற்கு இப்போதே ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு வந்து, ஆக்சிஜன் தொட்டிக்கும் அழுக்குத்துணி மூட்டைகளுக்கும் நடுவில் கையில் தாள் செருகிய எழுத்தட்டையோடு நிற்கிறேன் என்றால், மேலே என் அறையில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் கண் கூரைக்குப் போகிறது. என் அறை இரண்டாவது மாடி. நேர் மேலே இரண்டு தளம் தள்ளி நானூற்று ஏழு. நானூற்று ஏழில் ஜெனிட்டா இருக்கிறாள். ஐசியுவில் நர்ஸாக இருந்த ஜெனிட்டா, அதே ஐசியுவில் மூன்று நாள் நோயாளியாகக் கிடந்துவிட்டு, இப்போது நானூற்று ஏழில். ஆறு நாளாக இந்தக் கட்டடத்துக்குள் படுத்திருக்கிறாள், ஆறு நாளாக நான் அந்தப் பக்கம் போகவில்லை. நோயாளிகளைப் போய்ப் பார்த்து, சாப்பாடு நன்றாக இருக்கிறதா, கூப்பிட்டால் ஆள் வருகிறார்களா, ஏதாவது குறை உண்டா என்று கேட்பதுதான் என் உத்தியோகம், கழுத்தில் தொங்கும் அட்டையில் கோகிலவாணி, நோயாளர் நலம் என்று போட்டிருக்கிறது. நானூற்று ஆறுக்குப் போனேன். நானூற்று எட்டுக்குப் போனேன், அங்கே இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் அம்மாளிடம் தேவையே இல்லாமல் இருபது நிமிஷம் மருமகள் கதை கேட்டேன். நடுவில் இருக்கும் கதவை மட்டும் பார்க்காமலே தாண்டினேன். இன்று நாலு மணிக்கு அவளை டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். குளச்சலிலிருந்து அவள் அப்பா வந்திருக்கிறார், ஊருக்குக் கூட்டிப்போகிறார், இனி வேலைக்கு அனுப்ப மாட்டார் என்று பேச்சு. நோயாளிகள் தொட்டுத் தடவி மனசு தேற புதன்தோறும் வருகிற நாய், நாலு மணிக்குள் நானூற்று ஏழுக்குள் போயாக வேண்டும். அடுத்த புதன் நீதான் முதல் என்று போன புதன் அவளிடம் சொன்னேன். அந்த அடுத்த புதன் இதுதான்.

பின்வாசலில் இன்று கூட்டம். நாய்க்கடி ஊசிக்கு வருகிறவர்களை ஆஸ்பத்திரி இந்தப் பக்கம்தான் உட்கார வைக்கிறது. பெஞ்சில் ஐந்து பேர். ஒருவர் வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுக் கெண்டைக்காலைக் காற்றாட நீட்டியிருக்கிறார். இன்னும் அரைமணியில் இவர்கள் கண்ணெதிரே ஒரு நாய் காரிலிருந்து இறங்கி, கழுத்தில் அடையாள அட்டையோடு, சகல மரியாதையோடும் சர்வீஸ் லிஃப்டில் ஏறி மேலே போகும். ஒவ்வொரு புதனும் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார், ஏனுங்க, கடிச்சவனுக்கு லிஃப்டு, கடி வாங்குனவனுக்குப் பெஞ்சுங்களா என்று. நியாயமான கேள்விதான். எனக்கே நாய் ஆகாது. பதினொரு வயதில் டியூஷன் போகும் வழியில் ஒன்று தொடையைக் கவ்வியது, பல் பதிந்த இடம் இன்னும் வெள்ளையாக இருக்கிறது. ஒன்றரை வருஷமாக இந்த ஆஸ்பத்திரியின் நாய் ஏற்பாடு முழுவதையும் தலையில் போட்டுச் செய்கிற நான் அந்த நாயை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டு முழம் தள்ளி நிற்பேன். எழுதிக்கொண்டிருக்கிறவளை யாரும் தொட்டுப் பார் என்று சொல்ல மாட்டார்கள். ஜெனிட்டா ஒருத்திதான் கண்டுபிடித்தாள். யக்கா, உங்களுக்கு நாயைக் கண்டா பயம், அதாக்கும் எழுதுத மாதிரி நடிக்கிய, என்றாள். யாரிடமும் சொல்லிவிடாதே என்றேன். சொல்ல மாட்டேன் என்று நெற்றியில் சிலுவை போட்டுக் காட்டினாள். சொல்லவும் இல்லை. சொல்லாமல் வைத்துக்கொள்வதில் கெட்டிக்காரியாக இருந்திருக்கிறாள், அது எனக்கு வியாழக்கிழமை காலையில்தான் தெரிந்தது. வேண்டாம், வியாழக்கிழமைக்குப் போகாதே. இரண்டு முப்பத்திரண்டு.

அட்டையில் இருப்பதைப் பார்க்கலாம். முதல் தாள் இன்றைய பட்டியல். ஜெனிட்டா, 407, முதல். ஊழியர் பட்டியலில் இருந்த பெயரை வெட்டி நோயாளிப் பட்டியலில் ஒட்டினேன், கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டாவது தாள் விதிகள், பதினான்கு. நாய் என்றதும் முகம் சுளித்த கமிட்டியிடம் அனுமதி வாங்குவதற்காக நான் உட்கார்ந்து எழுதியவை. முந்தின நாள் குளிப்பாட்டியிருக்க வேண்டும், நகம் வெட்டியிருக்க வேண்டும், தடுப்பூசி அட்டை கையில் இருக்க வேண்டும், கட்டிலில் தனித்துணி விரிக்க வேண்டும், தொடுவதற்கு முன்னும் பின்னும் கை சுத்தம், வாந்தியோ பேதியோ ஆன நாய்க்கு இருபத்துநாலு மணி நேரம் அனுமதி கிடையாது, இப்படி. மூன்றாவது தாள்தான் களைப்புத் தாள். அது முழுக்க என் மூளை. நாயைக் கொண்டுவருகிற நஞ்சப்பன் மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நாய் பேர் ஜாங்கிரி, நிறம் அப்படி. மனுஷருக்குக் கொடுக்கிற மரியாதையில் ஒரு எழுத்தும் குறைக்காமல், வாங்க ஜாங்கிரி, உக்காருங்க ஜாங்கிரி, அம்மாவுக்குக் கை குடுங்க என்றுதான் பேசுவார், கோயமுத்தூரில் அது அதிசயமில்லை, வெளியூர் டாக்டர்கள்தான் சிரிப்பார்கள். நாய்க்கு அலுத்துப்போனா வாய் விட்டுச் சொல்லாதுங்க மேடம், ஆனா நாலு விதத்துல காட்டுமுங்க என்று அவர் சொல்லச் சொல்லக் கேட்டு நாலு கட்டம் போட்டேன். கொட்டாவி விடும். உதட்டை நக்கிக்கொள்ளும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நனையாமலே உடம்பை உதறும். கால் மணிக்கு ஒருமுறை பார்த்து டிக் அடிக்க வேண்டும், இரண்டு கட்டத்தில் டிக் விழுந்தால் அன்றைய வேலை முடிந்தது, யார் கேட்டாலும் நாய் வெளியே. கமிட்டித் தலைவர் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்து, ஒரு நாயைக்கூட இந்த ஆஸ்பத்திரி எப்படிப் பார்த்துக்கொள்கிறது பாருங்கள் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் கூச்சமாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

நர்ஸுகளுக்கு என்று முதலில் எதுவும் கிடையாது. நாய் நோயாளிகளுக்கு. ஆனால் புதன்கிழமை மூன்று மணி ஆனால் சர்வீஸ் லிஃப்ட் பக்கம் எவளாவது ஒருத்தி ஏதோ வேலையாக வருகிற மாதிரி வருவாள், குனிவாள், ஜாங்கிரியின் கழுத்தில் முகத்தைப் புதைப்பாள், எழுந்திருக்கும்போது கண் சிவந்திருக்கும், தூசி என்பாள். அதைப் பார்த்துத்தான் நான் போராடி ஊழியர் கால் மணி வாங்கினேன். நோயாளிகள் முடிந்ததும் நாலிலிருந்து நாலேகால் வரை, லிஃப்டுக்கு எதிரே, ஆளுக்கு இரண்டு மூன்று நிமிஷம். பெயர் எழுத ஒரு தாள் தொங்கவிட்டேன். ஜெனிட்டா முதல் வாரம் எழுதினாள், வரிசை வருவதற்குள் ஐசியுவில் கூப்பிட்டார்கள், ஓடினாள். இரண்டாம் வாரமும் அதே. மூன்றாம் வாரம் முக்கால்வாசி வந்துவிட்டாள், நாயின் வாலைப் பார்த்துவிட்டாள், ஃபோன் அடித்தது. எனக்க நேரத்தப் பாத்தியளாக்கா என்று சிரித்துக்கொண்டே ஓடினாள். நாலாம் வாரம், அதாவது போன புதன், ராத்திரி ஷிஃப்ட் முடித்து, பகலுக்கு ஆள் இல்லை என்று அதையும் பார்த்துவிட்டு வந்தாள். நாலு பன்னிரண்டு. நாலு பன்னிரண்டு என்பது எனக்கு எப்படித் தெரியும் என்றால் தாளில் இருக்கிறது, கொட்டாவி டிக், உதடு நக்குதல் டிக், நேரம் நாலு பன்னிரண்டு, நிறுத்தப்பட்டது, கையெழுத்து கோகிலவாணி. மாஸ்டர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். அவள் லிஃப்டிலிருந்து வெளியே வந்து நின்றாள். அஞ்சே நிமிசம்க்கா, என்றாள். நாய்க்குக் களைப்பா இருக்கு ஜெனி, என்றேன். தொட்டுட்டு மட்டும் போறேன், என்றாள். ரெண்டு டிக் விழுந்துடுச்சு ஜெனி, ரூல் உனக்குத் தெரியும்ல, அடுத்த புதன் நீதான் முதல், சரியா? என்றேன். நாய்க்குக் களைச்சா எழுதி வைக்கியதுக்குத் தாள் இருக்கு, குடுத்து வச்ச நாயாக்கும் என்றாள், சிரித்தாள், படியில் இறங்கிப் போனாள். லிஃப்ட் அங்கேயே திறந்து நின்றது, படியில் போனாள். நான் பார்க்கவில்லை. எப்படிப் பார்க்க முடியும்? குனிந்து தாளில் தேதி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வருகிறாள், கேட்கிறாள், முடியாது என்கிறோம், சிரிக்கிறாள், போகிறாள், இதில் பார்க்க என்ன இருக்கிறது? சிரித்தாள், அதைப் பார்த்தேன். வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் ஹாஸ்டலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் செய்துகொண்டதை நான் மனசுக்குள்கூட அதன் பெயரால் சொல்வதில்லை. ஆஸ்பத்திரி சொல்லும் பெயர் ஃபுட் பாய்சன். மேட்ரன் ஒவ்வொரு வார்டாகப் போய், ஃபுட் பாய்சன், சரியா, வேறு பேச்சு இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார். ஹாஸ்டலில் அதே சோற்றைச் சாப்பிட்ட நாற்பது பேரும் தலையாட்டினார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். கடைசியாக அவள் வேலை நேரத்தில் பேசியது உன்னோடுதானே, என்ன சொன்னாள், நீ என்ன சொன்னாய் என்று யாராவது ஒருவர் சட்டையைப் பிடித்துக் கேட்டால் தேவலை. ஒருவரும் கேட்கவில்லை, ஆகவே நானே கேட்டுக்கொள்கிறேன், பஸ்ஸில், குளியலறையில், மகளுக்குத் தலை பின்னும்போது. அம்மா வலிக்குது, இழுக்காத என்கிறாள் மகள். ஐந்து நிமிஷம் நாய் நின்றிருந்தால் நடந்திருக்காதா? நாயால் என்ன ஆகும், ஒரு நாயின் கழுத்தா ஒரு உயிரைப் பிடித்து நிறுத்தும், அவளுக்கு என்னென்ன இருந்ததோ, எத்தனை நாளாக இருந்ததோ, டாக்டர் என்னிடம் பொதுவாகச் சொன்னார், யாரும் ஒரே காரணத்துக்காக இப்படிச் செய்வதில்லை மேடம் என்று. ஒரே காரணம் இல்லை. சரி. பத்துக் காரணம் இருக்கட்டும். பத்தில் ஒன்றாக நான் இருக்கலாமா? பத்தாவதாக, கடைசியாக? கடைசிக் காரணம் சின்னதாகத்தான் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று மணி. கார் வரவில்லை. ஜெனிட்டாவிடம் சம்மதம் வாங்கினேனா என்றால், வாங்கினேன், நேரில் இல்லை, வார்டு சிஸ்டரிடம் ஃபோனில் கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: கொண்டு வந்தா வரட்டும்னு சொன்னா மேடம். கொண்டு வந்தா வரட்டும். இதற்கு என்ன அர்த்தம்? சரி என்றா, உங்கள் இஷ்டம் என்றா, கொண்டுவர மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும் என்றா? என்ன முகத்தோடு சொன்னாள், சிஸ்டர், என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. ஃபாரத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்தான் இருக்கிறது, ஆம் என்பதில் டிக் அடித்தேன். நாய் உள்ளே போனால் போதும். நான் கதவுக்கு வெளியே அட்டையோடு நின்றுகொள்வேன், மாஸ்டர் கூட்டிப்போவார், அது கட்டிலில் தலை வைக்கும், அவள் தொடுவாள், நான் வெளியே நின்று கேட்பேன், அவ்வளவுதான், என் கணக்கு தீர்ந்தது. இல்லை, தீராது, ஆனாலும் சொன்ன சொல் ஒன்றாவது நிற்கும். மூன்று ஐந்து. மாஸ்டருக்கு அடித்தேன். சிக்னல்ல நிக்கறேனுங்க மேடம், வந்துர்றேன், நேர்ல சொல்றேனுங்க என்று வைத்துவிட்டார். நேரில் சொல்ல என்ன இருக்கிறது? வருகிறவர் வருகிறேன் என்பார், நேரில் சொல்கிறேன் என்று ஏன் சொல்ல வேண்டும்? கெண்டைக்கால்காரர் என்னையே பார்க்கிறார். ஏனுங்கம்மிணி, உங்களுக்கும் கடிச்சுப்போட்டுதுங்களா, என்கிறார். ஆமாங்க என்று சொல்லிவிட்டேன். எங்கீங்க என்றார். கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று பத்து. மூன்று பதினைந்து. டிஸ்சார்ஜ் நாலு மணி என்றால் நாலு மணிக்கே போவார்கள் என்று இல்லை, மருந்துச் சீட்டு வர வேண்டும், பெரிய டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும், எத்தனையோ பேர் ஆறு மணி வரை பையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அதைப் பற்றி என்னிடம்தானே புகார் சொல்வார்கள். இன்றைக்கு மட்டும் தாமதம் ஆகட்டும். கடவுளே, இன்றைக்கு மட்டும் இந்த ஆஸ்பத்திரி எப்போதும் போல இருக்கட்டும்.

மூன்று இருபதுக்குக் கார் வந்தது. மாஸ்டர் இறங்கினார், பின்கதவைத் திறக்கவில்லை. கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஏனுங்க மேடம், இன்னைக்கு முடியாதுங்க என்றார். பக்கத்து வூட்டுல விசேஷமுங்க, எலை போட்ட எடத்துல என்னத்தையோ தின்னுட்டாருங்க. வூட்டு வாசல்ல ஒருக்கா, ஹோப் காலேஜ் சிக்னல்ல ஒருக்கா, ரெண்டு வாந்திங்க. நீங்க எளுதுன சட்டந்தானுங்க, வாந்தி எடுத்தா உள்ள உடக்கூடாதுன்னு. டாக்டர்கிட்டப் போற வழிதானுங்க, போன்ல சொல்ல மனசு வரல, நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேனுங்க. நான் என்ன சொன்னேன்? முதலில் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அப்புறம், மாஸ்டர், ஒரே ஒரு ரூம் என்றேன். மத்தது எல்லாம் கேன்சல், ஒரே ஒரு ரூம் மட்டும். அவர் தலையை ஆட்டினார். கட்டில் கிட்டப் போக வேண்டாம், வாசல்ல நிக்கட்டும், அவ பாத்தாப் போதும், அஞ்சே நிமிஷம் மாஸ்டர். அஞ்சே நிமிஷம். அந்த இரண்டு வார்த்தையும் என் வாயிலிருந்து வெளியே போய் என் காதிலேயே விழுந்தன. அதே குழைவு. அவள் அப்படித்தான் கேட்டாள், கொஞ்சம் தலையைச் சாய்த்து. ஐசியுவுல இருந்து வந்த புள்ளைன்னு நீங்கதான சொன்னீங்க, அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆயிட்டா நானும் தாங்க மாட்டேன், நீங்களும் தாங்க மாட்டீங்க, அடுத்த பொதன் பாத்துக்கலாமுங்க மேடம், என்றார் மாஸ்டர். நல்ல மனுஷர். குரலில் ஒரு சொட்டுக் கோபம் இல்லை. எனக்கும் அன்றைக்கு இல்லை. நானும் நல்ல மனுஷிதான், நல்ல குரலில்தான் சொன்னேன், அடுத்த புதன் என்று. அடுத்த புதன் என்ற சொல் கேட்கிறவள் காதில் எவ்வளவு தூரத்தில் போய் விழும் என்று இப்போதுதான் தெரிகிறது. நான் அவரைத் தள்ளிக்கொண்டு கார்க் கதவைத் திறந்தேன். மேடம், மேடம் என்கிறார். கழுத்துப் பட்டையைப் பிடித்தேன். என் கை. பதினொரு வயதிலிருந்து எந்த நாய் மேலும் படாத கை. பட்டைக்கு அடியில் சூடாக இருந்தது, உள்ளே என்னவோ படபடவென்று துடித்தது, என்னுடையதா அதனுடையதா தெரியவில்லை. வா ஜாங்கிரி, வாங்க ஜாங்கிரி, வாங்க சாமி, ஒரே ஒரு ரூம்.

அது வரவில்லை. முறைக்கவும் இல்லை, உறுமவும் இல்லை. துண்டின் மேல் படுத்தபடியே என்னைப் பார்த்தது, பிறகு மெதுவாக முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டது. உதட்டை நக்கியது. நான் பட்டையை விடவில்லை. வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விட்டது. முகம் திருப்புதல், உதடு, கொட்டாவி, மூன்று. யாரும் கேட்காமலே மனசு டிக் அடிக்கிறது, ஒன்றரை வருஷப் பழக்கம், நாலாவதைத் தேடுகிறது, உதறுதல், உதறுதல் எங்கே. அப்போதுதான், காருக்குள் பாதி உடம்பும் வெளியே பாதி உடம்புமாகக் குனிந்து நிற்கும்போதுதான், ஆறு நாளாக மூடி வைத்திருந்தது திறந்துகொண்டது. லிஃப்டிலிருந்து அவள் வெளியே வந்தபோது வாயை மூடாமல் கொட்டாவி விட்டாள். அஞ்சே நிமிசம் என்று சொல்வதற்கு முன்னால் உதட்டை நக்கிக்கொண்டாள், உதடு வெடித்திருந்தது, ரத்தம் காய்ந்து ஒரு கோடு. அடுத்த புதன் என்று நான் சொன்னதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள், அந்தச் சுவரில் ஒன்றுமே இல்லை. படியில் இறங்கும்போது இரண்டு தோளையும் ஒரு உலுக்கு உலுக்கினாள். நான் பார்த்தேன். தேதி போட்டுக்கொண்டிருந்தேன் என்பது பொய், தேதியை நான் காலையிலேயே போட்டுவிடுவேன். நிமிர்ந்துதான் நின்றேன். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாலும் இருக்கிறதே என்று எனக்குத் தோன்றவும் செய்தது, தோன்றியது, அதை ஒரு வேடிக்கையாக நினைத்தேன், நாளை கேண்டீனில் இவளிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும், உனக்கு நாலு டிக் ஜெனி, உன்னை வெளியே அனுப்பணும் என்று. ஐயோ. சிரிப்பதற்காக எடுத்து வைத்தேன். கையைப் பட்டையிலிருந்து எடுத்தேன். மாஸ்டர் என் தோளைத் தொட்டு, மேடம், தண்ணி குடிக்கறீங்களா என்றார். வேண்டாம் மாஸ்டர், நீங்க போங்க, அவரைப் பாத்துக்கங்க என்றேன். அவரை என்றேன். கார் பின்னாலேயே போய்த் திரும்பியது. பெஞ்சில் ஐந்து பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று முப்பத்தைந்து.

போகாமல் இருந்துவிடலாம். வார்டு சிஸ்டருக்கு ஃபோன் பண்ணி, நாய்க்கு உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொன்னால் போதும், ஒரு வரி. நாலு மணிக்கு அவள் போய்விடுவாள், நான் என் அறையில் கதவைச் சாத்திக்கொள்ளலாம், குளச்சல் வெகு தூரம். சர்வீஸ் லிஃப்ட் திறந்து நிற்கிறது. நாயோடுதான் இதில் ஏறியிருக்கிறேன், எப்போதும் மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு. இன்று முழு லிஃப்டும் எனக்கு. கால் ஏறிவிட்டது, நான் ஏறினேனா என்று தெரியவில்லை. கை முழுக்க நாய் வாசம். ஒன்று. இரண்டு, என் தளம், யாரோ கதவு திறந்தார்கள், துணி வண்டியைத் தள்ளுகிற அம்மா, நாய் இல்லையா என்று எட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததில் வருகிறேன் என்றாள். நாயே இல்லாத என்னோடு ஏற மாட்டாளாம். மூன்று. என்ன சொல்வது? மன்னித்துவிடு என்றா? மன்னிப்புக் கேட்டால் அவள் என்னைச் சமாதானப்படுத்த வேண்டி வரும், பரவாயில்லக்கா என்பாள், ஐசியுவில் எத்தனை குடும்பத்துக்கு அதைச் சொல்லியிருக்கிறாள், என்னையும் பார்த்துக்கொள்ள வேண்டிய இன்னொரு படுக்கையாக அவள் தலையில் ஏற்றுவதா. நான் பார்க்கவில்லை ஜெனி என்று சொல்லலாம். ஆறு நாளாகப் பழகி வைத்திருக்கிறேன், வாயில் தயாராக இருக்கிறது. நாலு. நானூற்று நாலு, ஐந்து, ஆறு. கதவில் மஞ்சள் காலடி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள், இந்த அறைக்கு நாய் வரும் என்று அர்த்தம், நான் அச்சடித்தது. சுவரில் இருந்த மருந்தில் கையைக் கழுவினேன், இரண்டு தடவை, மூன்று தடவை. அதற்கு மேல் கழுவ ஒன்றும் இல்லை. கதவைத் தள்ளினேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சொந்தச் சுடிதார் போட்டிருந்தாள், புறங்கையில் டிரிப்ஸ் எடுத்த இடத்தில் பிளாஸ்திரி. பை கட்டிக் கீழே இருந்தது. கதவுச் சத்தம் கேட்டதும் அவள் பார்வை என் முகத்துக்கு வரவில்லை, என் முழங்கால் உயரத்தில் தேடியது, எனக்குப் பின்னால் தேடியது. அதற்கப்புறம்தான் மேலே வந்தது.

"நாயி வரல்லியாக்கா?"

"வரல ஜெனி. வாந்தி எடுத்துடுச்சு. கீழயே நிறுத்திட்டாங்க."

"பாவம்," என்றாள். குரல் கரகரவென்று இருந்தது, தொண்டையில் குழாய் போட்டு எடுத்த குரல். "உங்க ரூலு."

"ஆமா. என் ரூலுதான்."

நின்றேன். அட்டை கையில் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது, கார் மேலேயோ பெஞ்சிலேயோ விட்டிருக்கிறேன், இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆறு நாள் தூக்கம் மொத்தமாக வந்து தாடையைப் பிடித்து இழுத்தது, அடக்கப் பார்த்தேன், அடங்கவில்லை. வாய் காய்ந்து ஒட்டியது, நாக்கால் நனைத்துக்கொண்டேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், தாங்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பினேன். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியும் ஒரு காக்கையும்.

"யக்கா," என்றாள் பின்னாலிருந்து. "மூணாச்சு."

எனக்குப் புரியவில்லை. மணி மூன்றைத் தாண்டி வெகு நேரம் ஆகிறதே என்று நினைத்தேன். திரும்பினேன். அவள் மூன்று விரலைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக மடக்கினாள். கொட்டாவி, உதடு, முகம் திருப்பியது. கேலி இல்லை, அளந்து பார்த்துச் சொல்கிற முகம், ஐசியுவில் மானிட்டரைப் பார்ப்பாளே அந்த முகம். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்.

"அன்னைக்கு எனக்கு எத்தனக்கா இருந்துச்சு?"

நான் பார்க்கவில்லை என்பது பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள், அல்லது நம்பின மாதிரி தலையாட்டியிருப்பாள், நாலு மணிக்குப் போயிருப்பாள்.

"நாலும்," என்றேன். "நாலும் இருந்துச்சு ஜெனி. நான் பார்த்தேன்."

அவள் அழவில்லை. ஷிஃப்ட் மாறும்போது ஒருத்தி சொல்வதை இன்னொருத்தி குறித்துக்கொள்கிற மாதிரி தலையை ஒரு தடவை ஆட்டினாள். ரொம்ப நேரம் பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் நிமிண்டிக்கொண்டிருந்தாள். என் தோள் தானாக ஒரு உதறு உதறியது, நாலாவது கட்டமும் எனக்கு நிறைந்துகொண்டிருந்தது, அதை அவள் பார்த்தாளா தெரியாது. கட்டிலில் நீட்டியிருந்த காலை இழுத்து மடக்கிக்கொண்டாள். காலியான இடத்தில் நாய்க்காக விரித்திருந்த துணி இருந்தது. நான் போய் அதன் மேல் உட்கார்ந்தேன்.

மருந்துப் பையோடு அவள் அப்பா உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார், அறையைச் சுற்றிப் பார்த்தார், கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தார்.

"நாயி வந்தாச்சா மக்களே?"

"இல்லப்பா," என்றாள். "அக்கா வந்திருக்காவ."